பல்கனியில் விட்ட நாலடி

போன கிழமை பூண்டுலோயாப் பக்கமிருந்து இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். இரண்டு பேரும் ஆம்பளைகள், நல்ல மனிதர்கள். அங்கே ஆற்றோரமாக ஒரு குளிப்பு மண்டபம் கட்டப் போகிறார்களாம். எங்கள் நீர்த்தேக்கத்துக் கரையில் இருப்பது மாதிரியே கீழே குளிக்கிற படித்துறை, மேலே கூத்துக்கும் கரகத்துக்கும் கெரோல் பாட்டுக்கும் ஒரு ஹோல், ஹோலுக்கு முன்னால் தண்ணீரைப் பார்த்த பல்கனி. பிளானும் எங்களுடையதேதானாம். அந்தக் கட்டிடத்தில் வேலை செய்த ஆட்களில் இன்னும் இங்கே இருப்பது நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

மூத்தவர் ஃபோனில் படத்தைக் காட்டினார்.

"இந்தப் பல்கனியில ஏம்மா நாலடி சும்மா கெடக்கு? முன்னுக்கு ஒரு செவரு, உள்ளுக்கு ஒரு செவரு, நடுவுல மண்ணு. எடம் வீணாத்தானே போகுது? நாங்க உள்செவர எடுத்துட்டு ஹோலைப் பெருசாக்கலாம்னு பாக்குறோம். சரிதானேம்மா?"

நான் சொன்னேன், "சரிங்க."

அவர்கள் பால் ஊற்றாத பிளேன்டி குடித்தார்கள். மருமகள் சுமதி சுட்ட ரொட்டியை நன்றாயிருக்கிறது என்று சொன்னார்கள். கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேன் வளைவில் மறைந்த பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த நாலடிக்காக நான் பட்ட பாடு என்ன! அதை ஒரு வார்த்தையில் தூக்கிக் கொடுத்துவிட்டேனே.

"என்னாங்க மாமி, தலையில கைய வச்சுக்கிட்டு இருக்கீங்க? நெஞ்சு வலியா?" என்றாள் சுமதி.

"நெஞ்சு இல்லடி. வாய்" என்றேன்.

மேரி டீச்சர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வெடுத்தவர். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். என் பேச்சைப் படிப்புத் தமிழில் போடுகிறார். "ஆளுங்க பேசுனத மட்டும் பேசுன மாதிரியே போடுங்க டீச்சர்" என்று கேட்டிருக்கிறேன். எனக்குப் பேச ஆரம்பித்தால் நிற்காது. டீச்சர் இரண்டு தடவை பேனையை மூடிவிட்டார். மூன்றாவது தடவை மூடுவதற்குள் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கொழுந்து எடுக்கப் பிறந்தவள்தான். பதினாறு வயதில் பேர் பதிந்தேன். ஆனால் என் கை கொழுந்துக்கு ஆகவில்லை. முற்றிய இலையும் காம்புமாகக் கூடைக்குள் போடுவேன். கங்காணி மூன்று வருஷம் என்னைத் திட்டித் திட்டிக் களைத்துப் போய், ஒரு நாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்தில், "லயத்துக்குச் செவரு கட்ற எடத்துல மணல் செமக்க ஆளு வேணுமாம். இந்தச் சனியனக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றான். அன்று மணல் சுமக்கப் போனவள்தான். கையாளாகவே என் காலம் போய்விட்டது. மணல், கல், தண்ணீர், கலவை. அதற்குள் ஒரு கல்யாணம், மூன்று பிள்ளைகள், ஒரு சாவு. தலையில் சும்மாடு வைத்த இடத்தில் இன்றைக்கும் முடி முளைப்பதில்லை.

என்னைக் கட்டிட வேலை தெரிந்தவளாக்கியது சோமபால பாஸ். கினிகத்தேனைக்காரர், சிங்கள ஆள், மேசன். நாங்கள் "பாஸுன்னே" என்று கூப்பிடுவோம், மரியாதைக்கு. அவர் தமிழ் பேசுவார், ஆனால் குறைத்துத்தான் பேசுவார். தமிழை மட்டுமா, எந்தப் பாஷையையும் குறைத்துத்தான் பேசுவார். காலையில் வந்தவுடன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். கரண்டியைத் தண்ணீரில் முக்கித் துடைப்பார். பிறகு கல்லைத் தொடமாட்டார். கயிற்றைத்தான் தொடுவார். நாலு முளை அடித்து, கயிறு கட்டி, மூலை சரியா என்று மூன்று, நாலு, ஐந்து என்று அளந்து பார்ப்பார். கயிற்றை விரலால் சுண்டுவார். அது ஆடி நிற்கிறவரைக்கும் பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. முதல் வரிசைக் கல்லைக் கலவை இல்லாமல் சும்மா அடுக்குவார். தூரப் போய்க் குந்திப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் திட்டமாட்டார். காலால் மெதுவாகத் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை சொல்வார்.

"ஆயெத்."

சிங்களத்தில், திரும்பவும் என்று அர்த்தம். அந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேனோ. ஒரு தடவை தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எட்டு ரூம் லயத்துக்குப் பின்னால் மண்சரியாமல் இருக்க ஒரு தடுப்புச் சுவர் கட்டினோம். நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் வடிய ஓட்டை வைக்க மறந்துவிட்டார்கள். தூக்குக்குண்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே "ஆயெத்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு கல்லும் என் தலையில் ஏறி வந்ததல்லவா? "பாஸுன்னே, ஓட்ட மட்டும் போட்டா பத்தாதா?" என்று கேட்டேன். "ஓட்ட அப்புறம் போட்டா செவரு நம்மள நம்பாது மாரியக்கே" என்றார். சுவர் நம்மை நம்ப வேண்டும் என்று பேசுகிற ஆள் அவர். நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே கல்லைப் பிரித்தேன்.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். டீச்சர் பார்க்கிறார்.

எங்கள் டிவிசனில் பொம்பளைகள் குளித்தது பீலியில். மலையிலிருந்து வருகிற தண்ணீரைக் குழாய் வைத்து விழ விடுவது. ஒரு மழைக்காலத்தில் மேலே மண் சரிந்து பீலி மூடிப் போனது. அதற்குப் பிறகு தேக்கத்துக் கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே படி இல்லை. பொல்பிட்டியப் பக்கம் கரண்ட் எடுக்கத் தண்ணீரைத் திறந்தால் கரை இறங்கிப் போகும், முழங்கால் வரைக்கும் சேறு. மலையில் நாள் முழுக்க நின்று, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, சாயந்தரம் அந்தச் சேற்றில் போய் நிற்பார்கள். ஒருத்தி வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் மனு எழுதி, ஆட்கள் வந்து, ஒரு மண்டபம் கட்டித் தருவதாகச் சொன்னார்கள்.

பிளான் போட்டவர் கொழும்பு ஆள், ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பிளான் மாத்தயா என்போம், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த மனிதர், தொப்பி, தோளில் ஒரு துணிப்பை. நல்லவர். வந்த அன்றைக்கே சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கித் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தவர். அதனால்தான் படிகளைத் தண்ணீர் வற்றினாலும் எட்டுகிற மாதிரி நீளமாக இறக்கியிருந்தார். அந்தப் புத்தி வேறு யாருக்கும் வந்திருக்காது.

தோட்டத்து வாசகசாலையில் கூட்டம் வைத்தார். பொம்பளைகள் முப்பது பேர் போல இருந்தோம். அவர் சிங்களத்தில் சொல்ல, தோட்டத்தில் ஆட்களின் நலம் பார்க்கிற வெல்பெயார் ஐயா தமிழில் சொன்னார். பெரிய தாள்களை மேசையில் விரித்தார்கள்.

"நீங்க எப்படிக் குளிப்பீங்க, எங்க உடுப்பு மாத்துவீங்க, என்னா வேணும்னு மாத்தயா கேக்குறாரு. கூச்சப்படாமச் சொல்லுங்க."

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பாவாடையை நெஞ்சுக்கு மேலே கட்டிக்கொண்டு குளிப்போம், ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்ப்போம், பாதை முக்கில் ஒருத்தி காவல் நிற்பாள், ஆம்பளை தலை தெரிந்தால் "ஆளு வருது" என்று சத்தம் கொடுப்பாள் என்றெல்லாம் இரண்டு ஆம்பளைகளுக்கு முன்னால் எவள் சொல்வாள்? எல்லோரும் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள்.

"இங்க படி. சரியா?"

"சரிங்க."

"இங்க உடுப்பு மாத்துற ரூம். சரியா?"

"சரிங்க."

"மேல ஹோலு, முன்னுக்கு பல்கனி."

"சரிங்க."

பக்கத்து லயத்து ராக்கு என் மதினி முறை. வாய் நீளம். அவள் என் விலாவில் குத்தினாள். "ஏய் மாரியாயி, நீதானே கட்டிடக்காரி. போய்ப் பாத்து சொல்லுடி, சரியா இருக்கான்னு."

எழுந்து போனேன். உண்மையைச் சொல்கிறேன், அந்தத் தாளில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கோடு கோடாக இருந்தது. பாஸ் கயிறு போட்டால் எனக்கு வீடே தெரியும். தாளில் தெரியாது. ஆனால் முப்பது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் கட்டிடத்தில் நின்றவளுக்குப் பிளான் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. குனிந்தேன். விரலை ஒரு கோட்டில் வைத்து இழுத்தேன். தலையை ஆட்டினேன்.

"சரியா இருக்குங்க" என்றேன்.

பொம்பளைகள் சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான்தான் கைநாட்டு வைத்தேன். சீமெந்தில் ஊறிய பெருவிரலில் ரேகையே கிடையாது, மொழுக்கென்று ஒரு பொட்டு மாதிரி விழுந்தது. வெல்பெயார் ஐயா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரோட வெரலாவும் இருக்கலாமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பெருமையாக வேறு இருந்தது.

வேலை ஆரம்பித்தது. அது எனக்குக் கடைசி வேலை என்று அப்போதே தெரியும். முழங்கால் இரண்டும் கலவைத் தாச்சியைத் தூக்கும்போது கறகற என்றன. பாஸுக்கும் இருமல் பிடித்திருந்தது. இரண்டு பேரும் படி ஏறும்போது பாதியில் நின்று, வேறு எதையோ பார்க்கிற மாதிரி மூச்சு வாங்குவோம். அவர் தேக்கத்தைப் பார்ப்பார். நான் மலையைப் பார்ப்பேன். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கமாட்டோம்.

படிகள் முடிந்தன. தூண் ஏறியது. ஹோலுக்கும் பல்கனிக்கும் ஸ்லாப் போட்டோம். ஸ்லாப் போட்டால் அது காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். ஓரமெல்லாம் மண்ணால் சின்ன வரப்புக் கட்டி, குளம் மாதிரி தண்ணீரை நிறுத்த வேண்டும். காலையிலும் சாயந்தரமும் வாளியில் தண்ணீர் ஏற்றியது நான்தான். ஊற்றிவிட்டு ஓரத்தில் கொஞ்சம் உட்காருவேன். வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு சுகம். எதிரே தேயிலை மலை, நடுவில் தண்ணீர், மேகம் தண்ணீருக்குள்ளே போகும். இந்தப் பிளான் மாத்தயா லேசுப்பட்டவர் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சாயந்தரம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது கீழே ராக்கு வந்தாள். கட்டிடம் முடியவில்லை, ஆனால் படி முடிந்துவிட்டதே, சேற்றுக்கு அது மேல்தானே. பாதையைப் பார்த்தாள். யாரும் இல்லை. மேலே பார்க்கவில்லை. இத்தனை காலம் மேலே பார்க்க அவசியம் இருந்ததில்லை, பீலிக்கு மேலே மலைதான் இருந்தது. பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ராக்கு முதுகில் ஒரு பெரிய தீத்தழும்பு உண்டு. சின்ன வயதில் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்து பட்டது. அதனால் அவள் என்றைக்கும் கழுத்து ஏறிய சட்டைதான் போடுவாள். கல்யாண வீட்டிலும் சேலையை முதுகோடு இழுத்து மூடிக்கொள்வாள். பீலியில் அவளோடு குளித்த பொம்பளைகளைத் தவிர அந்தத் தழும்பை ஊரில் யாரும் பார்த்தது இல்லை. இதை நான் அவளிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். "எழுதிக்க. ஆனா பேர மாத்திப்புடு" என்றாள். மாற்றிவிட்டேன்.

அந்தத் தழும்பு முழுக்க எனக்கு மேலேயிருந்து தெரிந்தது. தழும்பு மட்டுமா, பாவாடையில் இருக்கிற கிழிசல், தோளில் வழிகிற நுரை, கையில் இருக்கிற சோப்பு, எல்லாம். வெளியூர் ஆட்கள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கப் போகிற இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எல்லார் கையிலும் ஃபோன் இருக்கும். தேக்கத்தைப் படம் எடுப்பார்கள். தேக்கத்துக்கு முன்னால் எங்கள் பொம்பளைகள் இருப்பார்கள்.

வாளியை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்து போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். அந்த ஸ்லாப்பின் ஒவ்வொரு தாச்சிக் கொங்கிரீட்டும் என் கையில் ஏறியது. கைநாட்டும் என்னுடையது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? "நீதானே பாத்துச் சரின்னே" என்பார்கள். கட்டிடத்தை நிறுத்திவிட்டால் படியும் போகும், பொம்பளைகள் திரும்பவும் சேற்றுக்குப் போக வேண்டும். சொல்லாவிட்டால்? திறப்பு விழா அன்றைக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒருத்தியும் அந்தப் படியில் கால் வைக்கமாட்டாள். சேற்றுக்கே போவார்கள். எப்படிப் பார்த்தாலும் சேறுதான்.

நாலாம் நாள் பாஸ் கரண்டி கழுவும்போது போய் நின்றேன். தமிழில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சிங்களத்தில் சொன்னேன். வேற்றுப் பாஷையில் வெட்கம் கொஞ்சம் குறைவு.

அவர் கேட்டார். கரண்டியைத் துடைத்தார். "பிளேன்ல இருக்குத்தானே" என்றார்.

"இருக்கு பாஸுன்னே."

"சைன் யாரு?"

"நான்தான்."

பிளானில் இருந்தால் கட்டுவது, இல்லையென்றால் கட்டுவதில்லை. அதுதான் அவர் வழக்கம். அவர் பிளானுக்கு எதிராகப் பேசி நான் கேட்டதே இல்லை. பையை எடுத்துக்கொண்டு நடந்தவர், திரும்பி வந்தார். "நீ போய் அந்த மூனாவது படியில உக்காரு" என்றார். உட்கார்ந்தேன், உடுத்திய சேலையோடு, தலையில் சும்மாட்டோடு. அவர் மேலே ஏறிப் போனார். இருமல் சத்தம் கேட்டது. ஓரத்துக்கு வந்து கீழே பார்த்தார். இறங்கி வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கும் ரெண்டு மக இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை பிளான் மாத்தயா பார்வைக்கு வந்தார். ஸ்லாப்பைத் தட்டிப் பார்த்தார். சந்தோஷமாக இருந்தார். பல்கனி ஓரத்தில் நின்று கையை விரித்து, "இதுக்காகத்தான் இந்தக் கட்டிடமே" என்று சிங்களத்தில் சொன்னார். பாஸ் தொண்டையைச் செருமினார். விஷயத்தைச் சொன்னார், சுவருக்கு ஓட்டை வைக்க மறந்ததைச் சொல்கிற மாதிரி, நாலு வார்த்தையில்.

மாத்தயாவின் முகம் சுருங்கியது. "கூட்டம் வச்சுக் கேட்டேனே. எல்லாரும் சரின்னாங்களே. பொம்பளைங்க சார்பா கையெழுத்தும் இருக்கே" என்றார். பிறகு, "பெரிய விஷயமில்ல. பல்கனி ஓரத்துல ஒரு மூங்கில் தட்டி கட்டிக்கலாம்" என்றார்.

தட்டியா? எங்கள் மலைக் காற்றுக்கு ஒரு மாதம் நிற்காது. நின்றாலும், படம் எடுக்க வருகிறவன் அதைத்தான் முதலில் ஒதுக்குவான். நான் தாச்சியோடு பக்கத்தில் நின்றேன். தாச்சியைக் கீழே வைத்தேன்.

"மாத்தயா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கைநாட்டு என்னோடது. எனக்குப் பிளேன் பாக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சுப்புட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "தெரியலன்னா கேட்டிருக்கலாமே. எதுக்குச் சரின்னீங்க?"

"நாங்க எதுக்கும் சரிங்கதான் மாத்தயா. பெரட்டுல பழகுன வாயி. பெரியவங்க கேட்டா அதுவா வந்துரும். நீங்க படியே வேணாம்னு சொல்லியிருந்தாலும் சரிங்கன்னுதான் சொல்லியிருப்போம்."

பாஸ் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

"கொஞ்சம் இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு நான் கீழே இறங்கினேன். முழங்கால் பிடித்துக்கொண்டது, இருந்தும் இறங்கினேன். சாயந்தரம் குளிக்க நான் கொண்டுவந்த பை அங்கே இருந்தது. அதிலிருந்து சோப்பை எடுத்து மூன்றாம் படியில் வைத்தேன். தள்ளி நின்றேன்.

"மாத்தயா! என்னா தெரியுது?"

"சோப்பு."

"என்னா நெறம்?"

அவர் ஓரத்தில் குனிந்து பார்த்தார்.

"பச்சை" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பாதி தேஞ்சது."

நான் மேலே ஏறி வருவதற்குள் அவர் துணிப்பையிலிருந்து தாள்களை எடுத்து ஸ்லாப்பில் விரித்து, காற்றுக்கு நாலு கல் வைத்துக் குந்தியிருந்தார். ஒரு தாளில் படி, இன்னொரு தாளில் பல்கனி. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தார். எடுத்தார். திரும்பவும் வைத்தார்.

"ரெண்டையும் நான் தனித்தனியா வரைஞ்சிட்டேன் பாஸ்" என்றார். "மேலருந்து தண்ணியப் பாத்தேன். கீழருந்து மலையப் பாத்தேன். மேலருந்து கீழ பாக்கல."

தாளிலும் அவருக்குத் தெரியவில்லை என்றால் எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்குத்தான் என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

ஆனால் என்ன செய்வது? படியும் இறுகிவிட்டது, ஸ்லாப்பும் இறுகிவிட்டது. சுவரை ஆள் உயரத்துக்கு ஏற்றினால் மலை மறைந்துவிடும், பிறகு பல்கனி எதற்கு? மாத்தயா யோசித்துக்கொண்டே நடந்தார். பாஸ் தன் பைக்குள் கையை விட்டார். கயிற்றை எடுத்தார்.

அதைச் சொல்ல எனக்கு ஆசை. ஒரு நுனியை என் கையில் கொடுத்து முதல் படிக்கு அனுப்பினார். மறு நுனியைத் தன் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பல்கனி ஓரத்தில் நின்றார். எங்களில் அவர்தான் உயரம். கயிறு நேராக இறங்கி என் கைக்கு வந்தது. பார்வை போகிற வழியே கயிறாக நிற்கிறது. பிறகு ஓரத்தில் இடுப்புக்கு மேலே ஒரு பலகையை நிறுத்தச் சொன்னார், முன்சுவர் மாதிரி. ஓரடி பின்னால் போனார். கயிறு இன்னும் என் கையில். இரண்டடி, மூன்றடி. ஒவ்வொரு அடிக்கும் கயிற்றைச் சுண்டிவிட்டு, அது ஆடி நிற்கும்வரை பொறுத்தார். மாத்தயாவும் பேசவில்லை. நாலடி போனதும் கயிறு பலகையின் விளிம்பில் தட்டி மடிந்தது. அதை நேராக்க நான் கையை உயர்த்திப் பார்த்தேன், எட்டவில்லை. முதல் படி, மூன்றாம் படி, கடைசிப் படி எல்லாவற்றிலும் நின்று பார்த்தேன். ஒரு படிக்கும் கயிறு நேராக வரவில்லை. நேராகப் போனால் அது என் தலைக்கு மேலே போய் நடுத்தண்ணீரில்தான் விழும்.

"பாஸுன்னே! இங்க இல்ல!" என்று கத்தினேன். அந்த வயதில் அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. அக்கரை மலையில் கொழுந்து எடுத்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அதுதான் அந்த நாலடி. ஓரத்தில் கெட்டியான முன்சுவர். நாலடி தள்ளி உள்சுவர், அதோடு சாய்ந்து உட்கார ஒரு திண்டு. நடுவில் யாரும் நிற்க முடியாதபடி மண் போட்டுச் செடி. உள்ளே நிற்கிறவனுக்குத் தண்ணீரும் மலையும் மேகமும் தெரியும். படி தெரியாது. ஹோல் சிறுத்துவிட்டது, அது உண்மைதான். காமன் கூத்துக்கு ஆட்டக்காரர்கள் சுற்றி வர இடம் பற்றவில்லை. இன்றைக்கும் கூத்து வெளியே மண்ணில்தான் நடக்கிறது. அதற்காக எங்கள் ஆம்பளைகள் என்னை எவ்வளவு பேசினார்கள்! "பொம்பளைங்க குளிக்கிறதுக்கு நாங்க கூத்த வெளிய வச்சுக்கணுமா" என்று ஒருவன் கேட்டான். ராக்கு விட்டாளா? "மழையில நீ ஆடு. நாங்க நனையிற எடத்துல நாங்க நனையிறோம்" என்றாள்.

மாத்தயா பழைய தாளை நாலாக மடித்தார். பாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆயெத்" என்றார். வார்த்தை அவர் பாஷைதான், சொன்ன விதம் பாஸுடையது. பாஸ் சிரித்து நான் முழுசாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

புதுத் தாளுக்கும் கைநாட்டு வேண்டும் என்றார்கள். வெல்பெயார் ஐயா மைப் பெட்டியை நீட்டினார். நான் விரலைக் கொடுக்கவில்லை. "எந்தக் கோடு எதுன்னு சொல்லுங்கய்யா. சொல்லிட்டு, அந்த எடத்துல என்னை நிக்க வச்சுக் காட்டுங்க" என்றேன். அவருக்குப் பொறுமை இல்லை. மாத்தயாவே எழுந்து வந்து காட்டினார். அரை நாள் போனது. பிறகுதான் வைத்தேன், அதே மொழுக்கைப் பொட்டு.

மண்டபம் திறந்த அடுத்த மாதம் நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். பாஸ் இரண்டு வருஷம் கழித்து இருமலிலேயே போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் சட்டை ஆணியில் தொங்கியது. பிளான் மாத்தயா வெளிநாட்டில் இருக்கிறார் என்கிறார்கள். அந்த நாலடி ஏன் என்று தாளில் எழுதியிருக்காது. அவரும் கூச்சக்காரர்தான். நான் இப்போது அந்தப் படியில் குளிப்பதில்லை. முழங்கால் இறங்கவிடாது, சுமதி வீட்டிலேயே சுடுதண்ணீர் ஊற்றுகிறாள். சாயந்தரத்தில் பொம்பளைகள் அங்கே கூச்சல் போட்டுச் சிரிக்கிற சத்தம் மட்டும் லயம் வரைக்கும் வரும். பாதை முக்கில் இப்போது யாரும் காவல் நிற்பதில்லை. காவலுக்கு நிற்கிறவளும் சேர்ந்து குளிக்கிறாள்.

இவ்வளவும் தெரிந்த நான், போன கிழமை இரண்டு ஆம்பளைகள் கேட்டதும் "சரிங்க" என்றேன். ஏன் நாலடி என்று அவர்கள் நல்லபடியாகத்தான் கேட்டார்கள். பதில் வாய்வரைக்கும் வந்தது. கூச்சமா, பழக்கமா, எது முந்தியதோ தெரியவில்லை.

டீச்சர் இதை எழுதி அனுப்பினால் போதும் என்கிறார். எழுதினது போகட்டும், நல்லதுதான். ஆனால் தாளில் போட்டது எல்லாருக்கும் தெரியும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நானே ஒரு தாளைப் பார்த்துத் தலையாட்டினவள்.

அதனால் நாளைக்குக் காலை பஸ்ஸில் பூண்டுலோயாவுக்குப் போகிறேன். டீச்சரும் வருகிறார். ராக்கு, "நானும் வாரேன்டி, நீ அங்க போயும் சரிங்கன்னு சொல்லிருவ" என்கிறாள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாகிவிட்டது. அங்கே இன்னும் ஸ்லாப் போடவில்லையாம், கயிறுதான் போட்டிருக்கிறார்களாம். கயிறு என்றால் எனக்குப் பேசத் தெரியும். அந்த மூத்தவரை ஒரு ஏணியில் ஏற்றி நிறுத்தப் போகிறேன். ஆற்றங்கரையில் கீழே ஒரு கல்லில் சோப்பை வைத்துவிட்டு, என்ன நிறம் என்று கேட்கப் போகிறேன்.

பச்சை சோப்பு கடையில் முடிந்துவிட்டதாம். சுமதி சிவப்பு வாங்கி வந்திருக்கிறாள். பரவாயில்லை, அது இன்னும் நன்றாகத் தெரியும்.